முதல் கோப்பையை உடைப்பவர்

விருத்தாசலம் பீங்கான் ஆலையில் சூளையைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் அவர். புருவமெல்லாம் வெள்ளை மண். சூளை திறந்ததும் முதல் கோப்பையை உடைத்து, உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினிகள், கணினி வேலை பார்க்கும் எங்களுக்கே புதிதாக இருந்த காலம். சூளையின் வெப்பத்தைப் பதிய, கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டினால் தானே உருவாகும் அப்படிப்பட்ட மெஷின் ஒன்றை ஆலையில் அமைத்திருந்தேன். நன்றாக ஓடியது.

"இத அழிச்சுட்டு இன்னொண்ணு உண்டாக்குங்க தம்பி" என்றார் அவர், அது தானே உருவாகும் என்று நான் சொன்னதைக் கேட்டு.

புதியது எதையும் பதியவில்லை. பதிவுகளை அனுப்ப வேண்டிய சர்வரின் முகவரியைப் பழைய மெஷினில் கையால் தட்டியிருந்தேன், ஸ்கிரிப்டில் எழுதவில்லை.

"அதுக்கு நீங்க சொன்னீங்க. இதுக்கு யாருங்க சொல்லுவா?" என்று கேட்டார், நான் காரணத்தைச் சொன்னதும்.

முகவரியை, மெஷின் தொடங்கும்போதே எடுத்துக்கொள்ளும் என்விரான்மென்ட் வேரியபிளாக ஸ்கிரிப்டிலேயே எழுதினேன். அடுத்த மெஷின் பிறந்ததுமே பதியத் தொடங்கியது.

நான் கிளம்பும்போது ஒரு கோப்பை கொடுத்தார். இன்றும் எந்த மெஷினையும் ஒருமுறை அழித்துப் பார்த்தே நம்புகிறேன். அந்தக் கோப்பையை மட்டும் உடைத்துப் பார்க்க மனம் வரவில்லை.