மழைக் குறிப்புகளும் புதிய பதிப்பும்

என் கம்ப்யூட்டருக்கு வயது பதினொன்று. இந்தப் பதிப்புக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறுங்கள் என்று திரையின் மூலையில் மாதக்கணக்கில் ஓர் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொரு முறையும் ‘பிறகு’ என்பதையே அழுத்தினேன்.

காரணம் மழை. கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் மொட்டைமாடியில் மழைமானி வைத்துச் செஞ்சியில் பெய்யும் மழையை அளந்து வருகிறேன். அளவுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு வரி குறிப்பு. எல்லாம் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு போய்விட்டால் எண்கள் மட்டும் பிழைக்கும். குறிப்புகள் உடைந்த ஆங்கில எழுத்துகளாகிவிடும்.

சென்னையிலிருந்து மகள் போனில் சண்டை போட்டாள்.

“நைனா, பேங்க் வேலையெல்லாம் அதுலதான பண்றீங்க? கதவு இல்லாத வீட்ல பீரோ வெச்சிக்கினு இருக்கீங்க.”

“என் எழுத்து போயிட்டா?”

“ஃபைலோட அந்த ஃபாண்டையும் பென் டிரைவ்ல எடுத்து வெச்சிக்கோங்க. போனா திரும்பப் போட்டுக்கலாம்.”

“ஒண்ணு போதுமா?”

“நாலு வாங்குங்க. அப்பதான் உங்களுக்குத் தூக்கம் வரும்.”

மூன்று வாங்கி, மூன்றிலும் ஏற்றி வைத்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் துணிந்து, ‘பிறகு’ என்பதை விட்டு ‘இப்போது’ என்பதை அழுத்தினேன். நடுவில் கரண்ட் போகக் கூடாதே என்று ஃபிரிட்ஜ், மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

“இன்னா இது, நீங்க ஃபேன நிறுத்துனா ஊர்ல கரண்ட் போவாதா?” என்று மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

ஐம்பத்தெட்டு சதவீதம் ஆனபோது வெயில் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. திரையை விட்டு எழ எனக்கு மனமில்லை.

“நீங்க போய்த் தின்னுங்க. நான் காவலுக்கு ஒக்கார்றேன்” என்றாள் மனைவி.

நான் சமையலறையில் சாப்பிட, அவள் கூடத்திலிருந்து ஏலம் விடுவதுபோல் கூவினாள். “அறுவத்தொண்ணு! அறுவத்தி நாலு!” பிறகு சத்தமில்லை.

“இன்னா ஆச்சு?”

“அறுவத்தேழுலயே நிக்குது.”

சோற்றுக் கையோடு ஓடினேன்.

“ஒக்காந்து தின்னுங்க. அது எங்கியும் ஓடிடாது.”

அது ஓடவில்லை, மெல்ல நகர்ந்தது. விளக்குப் போட்ட பிறகு புதிய திரை வந்தது. கோப்பைத் திறந்தேன். குறிப்புகள் இருந்த இடமெல்லாம் கோணல் எழுத்துகள். மகளைக் கூப்பிட்டேன்.

“பதறாதீங்க நைனா. பென் டிரைவ சொருகுங்க. ஃபாண்ட ரெண்டு தட்டு தட்டுங்க. இப்ப ஃபைல மூடித் திறங்க.”

மூடித் திறந்தேன். ‘விடியற்காலை தூறல். வல்லம் பக்கம் இடி’ என்று முதல் வரி தமிழில் நின்றது. அடுத்தடுத்த வருடங்களையும் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன.

மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “இவ கல்யாணத்தன்னிக்கு எவ்ளோ எழுதியிருக்கீங்க?”

தேடிப் படித்தேன். “நாற்பத்தொரு மில்லிமீட்டர். பந்தல் சாய்ந்தது. பாயசத்தில் தண்ணீர்.”

“நாப்பத்தொண்ணா? ஆறா ஓடுச்சு. உங்க மானி அன்னிக்கு மூடிக்கினு தூங்கியிருக்கும்.”

போனில் மகள் சிரித்தாள். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அதுக்கு மறுநாள் படிங்க” என்றாள்.