செயின் கழன்ற சைக்கிள்

2008ஆம் ஆண்டு, தெரணியகலைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த என் தம்பியை, அடையாள அட்டை இல்லையென்று சுற்றிவளைப்பில் இராணுவம் பிடித்துப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. எந்த முகாம், எந்தச் சிறை, ஒன்றும் தெரியாது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், இன்றைக்குப் பால் வெட்டு இல்லை என்றார் கங்காணி. காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி சேர்க்க, இராணுவத்தினரும் ஓய்வுபெற்றவர்களும் சைக்கிளில் ஊர் ஊராக வருகிறார்களாம். ரோட்டோரம் கொடி பிடித்து நின்றால் அன்றைய பேர் விழும், சம்பளம் உண்டு.

"மொகத்த உம்முன்னு வச்சிக்காதீங்க. அப்புறம் நம்ம லயத்து வீடுகளுக்குத்தான் வம்பு" என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

நான் தம்பியின் போட்டோவை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அவர்களில் ஒருவரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

வரிசையாகப் போனார்கள். ஏற்றத்தில் பின்தங்கிய ஒருவரின் செயின் சரியாக என் முன்னால் கழன்றது. அவருக்கு ஒரு கால் செயற்கைக் கால். மதகில் உட்கார்ந்து அதைக் கழற்றினார். உள்ளே புண்ணாகி இரத்தம் கசிந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. நானே செயினை மாட்டிக் கொடுத்தேன், தம்பியின் பழைய சைக்கிளில் பழகிய கை.

அவர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார்: "நல்லா மாட்டுறீங்களே தங்கச்சி, வீட்டுல அண்ணன் தம்பி இருக்காங்களா?"

இதற்காகத்தானே வந்தேன்! போட்டோ நெஞ்சில் குத்தியது. ஆனால் கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார். மகனைத் தேடிப் போய் விசாரித்த மேல் லயத்து அக்காவையே இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தது ஞாபகம் வந்தது.

"நே மாத்தயா" என்றேன், இல்லை ஐயா என்று. யாருமே இல்லை என்று வேறு சேர்த்துச் சொன்னேன்.

ஐயோ பாவம் என்பதுபோல் பார்த்தார். காலை மாட்டிக்கொண்டு, மெதுவாக மிதித்துப் போய்விட்டார்.

பிறகு எத்தனையோ வாசல்களில் ஏறி இறங்கினோம். அடுத்த வருஷம் யுத்தமும் முடிந்தது. தம்பி வரவில்லை. அந்தச் சிப்பாய் உன்னிடம் என்ன கேட்டார் என்று அம்மா இன்றும் கேட்பார். தண்ணீர் கேட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லா அலுவலகத்திலும் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அப்படி ஒருவன் இல்லை என்றார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் என் தம்பியை இல்லையென்று முதன்முதலில் சொன்னது இந்தப் பாழாய்ப்போன வாய்தான்.