ஞானமுத்து அண்ணன் காட்டிய கல் உத்தரம்

ஞானமுத்து அண்ணன் நேற்று காலையில் இறந்துவிட்டார். இன்று மூன்று மணிக்கு அடக்கம் முடிந்தது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ஒத்தக்கடை தாண்டி உள்ளே போனால் வயலுக்கு நடுவில் ஒரு பழைய ஓட்டு சர்ச்... அதில் மணியடித்து, கூட்டிப் பெருக்கி, சாவி வைத்திருந்தவர்.

இடிக்கிற கட்டடங்களில் தேக்கு, கல், ஓடு வாங்கி விற்பது என் தொழில். எனக்கு வருகிற போன் எல்லாமே ரேட் கேட்டுத்தான். இவர் ஒருத்தர்தான் "சாப்டியா தம்பி" என்று ஆரம்பிப்பார்.

மூன்று வருடம் முன்பு சபைச் செயலாளர் கூப்பிட்டார். ஆர்ச்செல்லாம் விரிசல், இடித்துவிட்டு கான்கிரீட் போடப் போகிறோம், மரத்துக்கு விலை சொல்லுங்கள் என்று.

போய்ப் பார்த்தேன். இரண்டடிச் சுவர். மேலே கரையான் தொடாத தேக்கு. மனதுக்குள் லாரியே பிடித்துவிட்டேன்.

அண்ணன் ஏணி போட்டு, விரிசலுக்குள் விரலை விடச் சொன்னார். உள்ளே ஆர்ச்சே இல்லை... நேரான கல் உத்தரம்.

"கட்டுன தொரை ஆர்ச் கேட்டுருக்காரு. நம்மூரு கொத்தனாருக்கு கோயில் மண்டபம் கட்டத்தான் தெரியும். தூணு மேல கல்லத் தூக்கி வச்சுப்புட்டு, அடியில சுண்ணாம்புல வளைச்சுப் பூசிட்டாரு. தொரை கடைசி வரைக்கும் ஆர்ச்சுனே நெனச்சு ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாரு."

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"விரிசல் பூச்சுலதான் தம்பி. நான் சொன்னா, மணியடிக்கிறவனுக்கு என்னய்யா தெரியும்ங்கிறாங்க. யாவாரி நீ சொன்னா கேப்பாங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மரத்துக்கு மட்டும் விலை சொல்லிவிட்டு வந்தேன். இடித்தால்தானே எனக்கு மரம்.

பணம் சேராததால் கமிட்டியே தள்ளிப் போட்டது. அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதியம் அந்தப் பக்கம் போனால் கதவைத் திறந்துவிட்டு, "வா, உள்ள குளுமையா கெடக்கு" என்பார். ரெண்டு பேரும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருப்போம்.

இன்று அவருக்குச் சாவு மணி அடிக்க யாருக்கும் தெரியவில்லை. விட்டு விட்டு, ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். யாரோ ஆராதனைக்கு அடிக்கிற மாதிரி கடகடவென்று அடித்துவிட்டார்கள்... விஷயம் தெரியாத ஒரு அம்மா பைபிளோடு வந்து நின்றார்.

மண் போட்டுவிட்டு வெளியே வரும்போது செயலாளர் என் பக்கத்தில் வந்தார்.

"இனி குறுக்க நிக்க ஆளு இல்லண்ணே. பணமும் சேந்துருச்சு. பழைய ரேட்டே போட்டுக்கிருவமா?"

போதகரையும் அவரையும் சர்ச்சுக்குள் கூட்டிப்போய்ப் பூச்சைத் தட்டிக் கல்லைக் காட்டினேன்.

"இம்புட்டு நாளா ஏன்ணே சொல்லல?"

"மரத்து மேல ஆசைய்யா."

அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் எதிரில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

இனி அந்த ரோட்டில் போனால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை...

போயிட்டு வாங்கண்ணே.

சபையோடு பேசி முடித்தது இதுதான். இடிக்காமல் பூச்சை மட்டும் புதிதாகப் பூசுவது. சுண்ணாம்பு, கடுக்காய், மணல் என் பொறுப்பு. ஆள் கூலி சபை. தூணிலும் உத்தரத்திலும் யாரும் கை வைப்பதில்லை. மரத்துக்கு நான் விலை சொல்வதில்லை.