சொல்லிக்கொள்ளாமல் எழுந்துபோகும் வீடு

ஈர நெல்லின் வாசம்தான் முதல் அறிகுறி.

மன்னார்குடியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். அன்று கவுண்டரில் என் எதிரே நின்ற விவசாயி களத்திலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் நெல் சுணை. அந்த வாசம் கண்ணாடியைத் தாண்டி வந்தபோது என் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. இடது கை மரத்துப்போனது. "மேடம், ரசீது" என்று அவர் கேட்டது வரைக்கும்தான் நினைவிருக்கிறது.

தஞ்சாவூர் மருத்துவமனையில் ஈசிஜி (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தார்கள். இரண்டிலும் குறையில்லை. மருத்துவர் தாள்களை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வீட்ல சமீபத்துல ஏதாச்சும் நடந்துச்சாம்மா?"

என் கணவர்தான் சொன்னார். "எங்க பையன் தவறிட்டான் சார். தை மாசம்."

அது பதற்றத் தாக்குதல் (ஆபத்து இல்லாதபோதும் உடம்பு உயிர்பயத்தில் துடிப்பது) என்றார் மருத்துவர். "வலி நெசம்தாம்மா. நீங்களா இழுத்து விட்டுக்கிட்டதில்ல. மனநல டாக்டரையும் ஒருதடவ பாத்துடுங்க."

என்னைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அதனால் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அருணுக்கு இருபத்து மூன்று வயது. தஞ்சாவூரில் வேலை. காலையில் பைக்கை எடுத்தபடி, "போயிட்டு வரேம்மா" என்றான். திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. சம்பா அறுவடை நேரம். எங்கள் பக்கம் நெல்லைச் சாலையில்தான் காயப்போடுவோம். வண்டி ஏறிவிடாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்போம். அப்படி வைத்த ஒரு கல்லில்தான் அவன் பைக் மோதியது.

அது யாருடைய நெல் என்று என் கணவர் விசாரிக்கவே இல்லை. அவரும் சாலையில் காயப்போடுகிறவர்தான்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கும் என் மகள் யாழினியைத்தான் விடுதிக்குத் திரும்பவிடவில்லை. சாலை என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. வருகைப் பதிவு குறைகிறது, இப்படியே போனால் இந்த வருடம் வீண் என்று கல்லூரியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். "பாத்துக்கலாம்" என்று போனை வைத்துவிட்டேன். யாழினி கடைக்குக் கிளம்பினால்கூட வாய் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அருண் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரைகள் தொடங்கிய பிறகு, எங்கள் தலைமை அலுவலகத்தில் ஒரு ஏற்பாடு இருப்பதைத் தெரிந்துகொண்டேன். வீட்டில் இறப்பு நேர்ந்த ஊழியர்கள் செல்போனில் வீடியோ கால் வழியாகவே ஆலோசகர் ஒருவரிடம் பேசலாம். செயலியைத் திறந்ததும், 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டு ஐந்து பொம்மை முகங்கள் வந்தன. அழுகிற முகத்துக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர்தான் வரைந்திருந்தார்கள். எதையும் தொடாமல் உள்ளே போனேன்.

ஆலோசகர் மீரா மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எப்படி இறந்தான் என்று அவர் கேட்கவில்லை. "அருணைப் பத்திச் சொல்லுங்க" என்றார். அலுவலகத்தில் அதுவரை யாரும் அவன் பெயரை என் முன்னால் எடுத்ததில்லை. வீட்டில் நிலைக்கண்ணாடி இருந்தும் பைக் கண்ணாடியில் குனிந்து தலை சீவுவான் என்று சொன்னேன். தயிர்சாதப் பாத்திரத்தை வழித்துத் தின்பதற்காகத் தங்கையோடு சண்டை போடுவான் என்றேன். கடைசியில், "அவன் இல்லாம நான் எதுக்கு இருக்கணும்னு தோணுதும்மா" என்றும் சொல்லிவிட்டேன்.

மீரா ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன். போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனேன்.

துக்க வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. பேசி முடித்ததும் எழுந்து நடந்துவிட வேண்டும், வீட்டுக்கு வந்து குளிக்க வேண்டும். நான் யோசித்து எதையும் செய்யவில்லை. சாவைப் பற்றிப் பேசிய இடத்திலிருந்து உடம்பு தானாக எழுந்து வந்துவிட்டது.

ஈரத் தலையோடு வெளியே வந்தபோது எங்கள் கிளை மேலாளர் வாசலில் நின்றார். செயலியில் அவசரத் தொடர்புக்கு அவர் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். கணவர் வயலில் இருந்தால் போன் எடுக்க மாட்டார்.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். என்ன விஷயம்?"

"விஷயமே அதுதான் மேடம். உங்க ஆலோசகர்தான் போன் பண்ணி, இருக்கீங்களான்னு பாக்கச் சொன்னாங்க." படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

வயலிலிருந்து வந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "துக்கம் பேசுன எடத்துல சொல்லிக்கிட்டா வருவாங்க? அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலையா?"

யாழினி துண்டை என் தோளில் போட்டாள். "ஏம்மா, வீடியோ காலுக்கெல்லாமா தலைக்குக் குளிப்பாங்க?" என்று சிரித்தாள். அருண் போனபிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அது பாதியிலேயே அழுகையாக மாறியது. மேலாளர் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

அடுத்த வாரம் மீராவிடம் விளக்கினேன். "பயந்துட்டேன்மா" என்றார். "சரி, இனிமே சொல்லாமலே எழுந்துக்கோங்க. போனை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க." பிறகு கேட்டார், "யாழினி எப்படி வெளிய கிளம்புவாங்க?"

"கடைக்குப் போறதோட சரி. காலேஜுக்கு நான் விடல."

அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. மூச்சை இழுத்து, பிடித்து, மெல்ல விடும் பயிற்சியைச் சொல்லித் தந்தார். திரையில் அவரும் என்னோடு மூச்சு விட்டார். வாரா வாரம் அதைச் செய்தோம். ஒருநாள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த யாழினி கேட்டாள்.

"அம்மா, அவன் செத்துட்டான். நான் இருக்கேன்லம்மா?"

மறுநாள் கல்லூரிக்குப் போன் செய்தேன்.

அவள் கிளம்பிய காலையில் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். யாழினி வழக்கம்போல் பேசாமல் செருப்பை மாட்டினாள்.

"சொல்லிட்டுப் போ" என்றேன்.

என்னையே பார்த்தாள். "சொல்லவாம்மா?"

"சொல்லு."

"போயிட்டு வரேம்மா."

இடது கை மரத்தது. மூச்சு தொண்டையில் நின்றது. கதவைப் பிடித்துக்கொண்டு, பயிற்சியில் செய்வது போல இழுத்து, பிடித்து, விட்டேன். "போயிட்டு வா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள். பஸ் ஒரத்தநாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, 'வந்துட்டேன்' என்று அவள் செய்தி அனுப்பும்வரை அப்படியே கதவோரம் நின்றேன்.

உங்களுக்கும் இப்படி வந்தால் மருத்துவரைப் பாருங்கள், யாரிடமாவது பேசுங்கள். சரியாகிவிடும் என்று எழுத என்னால் முடியவில்லை. நான் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஈர நெல் வாசம் வந்தால் மூக்கை மூடிக்கொள்கிறேன். இந்தக் குறுவைக்கு என் கணவர் நெல்லைச் சாலைக்குக் கொண்டுபோகவில்லை. களத்திலேயே ஈரத்தோடு விற்றுவிட்டார்.

பொழுது சாய்ந்து, அருண் வீடு திரும்பும் நேரம் வந்தால் என் உடம்பு தானாக எழுந்து வாசலுக்குப் போகிறது. முன்பெல்லாம் அதைப் பிடித்து உட்காரவைப்பேன். இப்போது விட்டுவிடுகிறேன். சாலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு அதுவே உள்ளே வந்து விளக்கைப் போடுகிறது.