பெரியசாமி காட்டு ஆள்காட்டி

பறவைகளை எண்ணுவதில் கஷ்டமே இல்லை. எண்ணுகிறவனுக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று ஊரை நம்பவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். கழுத்தில் பைனாகுலரோடு வரப்பில் நின்று, நாயிடமும் மனிதரிடமும் ஒருசேர வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மைனா கல்யாணம்

கோடை மழை தொடங்கும் நாட்களில், மைசூரைச் சுற்றியுள்ள தோப்புகளிலும் வயல்களிலும் எந்தெந்தப் பறவை குடும்பம் நடத்துகிறது என்று எண்ணுவது எங்கள் வேலை. பறவையைப் பார்த்தால் மட்டும் போதாது. பாடினால் 'இருக்கலாம்', ஜோடியாகத் திரிந்தால் 'அநேகமாக', முட்டையோ குஞ்சோ கண்ணில் பட்டால்தான் 'உறுதி'. வாயில் வைக்கோலோடு அலையும் ஒரு மைனா எந்தப் பொந்துக்குள் நுழைகிறது என்று பார்க்க ஒரு காலைப் பொழுதையே தொலைத்திருக்கிறேன்.

அது நுழைந்தேவிட்ட கதையை, மண்டி மொஹல்லா வீட்டுக்குத் திரும்பியதும் என் மனைவி ஸ்டெல்லாவிடம் குதித்துக் குதித்துச் சொன்னேன். நர்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மைனா கல்யாணத்துக்கெல்லாம் சாட்சி தேடுங்க. நம்ம கல்யாண நாள் நேத்தே போயாச்சு."

செம்போத்து

என்னோடு வேலை பார்க்கும் காவ்யா தமிழ்ப் பெண்தான். ஆனால் கோபமும் சந்தோஷமும் அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும். ஒரு நாள் பெரிய மாந்தோப்பொன்றின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள். செம்போத்து இருக்கிறதா என்று அறிய, கைகளைக் குவித்து 'ஊப் ஊப்' என்று குரல் கொடுத்தேன். உடனே பதில்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி கொடுத்தேன்; அது இன்னும் உருக்கமாகப் பதில் சொன்னது. பக்கத்தில் வேறு வந்துகொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போய்ப் புதரை விலக்கினால், வாயில் கை குவித்து முட்டி போட்டபடி காவ்யா.

மண்ணில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். "அய்யோ தேவரே! அண்ணா, உங்களை நான் 'ஜோடி தேடுது'ன்னு எழுதிட்டேன்!"

நான்கு முட்டை

நஞ்சன்கூடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பெரியசாமி என்பவருக்குப் புன்செய் இருக்கிறது. அவர் பேச்சில் அது 'காடு'. அந்தக் காட்டின் வெறும் மண்ணில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்ததைக் காவ்யா கண்டுபிடித்தாள். மண்கட்டிக்கும் முட்டைக்கும் வித்தியாசமே தெரியாது. சந்தோஷத்தில் இருவரும் ஒரு ஆட்டம் போட்டோம். அந்த நேரம் பார்த்து பெரியசாமி வந்துவிட்டார்.

மழை பெய்தால் உழுதுவிடுவார். முட்டை பொரிய நாளாகும். அந்தத் திட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினோம். அவர் மசியவில்லை. "இன்னைக்கு முட்டைய எண்ணறோம்ங்கறீங்க. நாளைக்கு ரோடு போடறோம்னு கல்லு நட்டா நான் எங்கீங்க போவேன்?"

டிராக்டர்

இரண்டு நாளில் மழை வந்தது. விழுந்தடித்து ஓடினால் காட்டுக்குள் டிராக்டர் நிற்கிறது. நாங்கள் அடையாளத்துக்கு நட்ட குச்சியை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போயிருந்தார்கள். "எங்கீங்க முட்டை? காட்டுங்க, பார்ப்போம்" என்றார் பெரியசாமி. எங்களால் காட்ட முடியவில்லை. மிதித்துவிடுவோமோ என்று கால் வைக்கவே பயம். ஆள்காட்டியோ தலைக்கு மேலே பறந்து பறந்து எங்களைத் திட்டித் தீர்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாம் ஒதுங்கினால் அதுவே போய் உட்காரும் என்று சொல்லி, எல்லாரையும் வேலிக்குப் பின்னால் விரட்டினாள் காவ்யா. டிராக்டர் ஓட்டுகிறவரும் பெரியசாமியும் முணுமுணுத்துக்கொண்டே குந்தினார்கள். பறவை இறங்கியது. ஓரிடத்தில் பொய்யாக உட்கார்ந்து எங்களை ஏமாற்றிப் பார்த்தது. பிறகு எழுந்து நடந்து, டிராக்டரின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சாவகாசமாக அமர்ந்தது.

ஓட்டுகிறவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. வேலியைத் தாண்டி முதலில் ஓடியவர் பெரியசாமிதான். "மெதுவாப் பின்னால எடு கண்ணு! பாவம், புள்ளத்தாச்சி உக்காந்திருக்குதல்ல!"

கணக்கு

உழுத காட்டின் நடுவே பாய் விரித்தாற்போல ஒரு திட்டு மிஞ்சியது. ஒரு நாள் காலை, நான்கும் பொரிந்துவிட்டன என்று பெரியசாமியே போன் செய்தார். ஆள்காட்டிக் குஞ்சுகள் ஈரம் காய்ந்ததும் ஓடத் தொடங்கிவிடும். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நான்கும் வரப்பைத் தாண்டிப் பக்கத்து நிலத்தில் தாயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. நானும் காவ்யாவும் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினோம். 'உறுதி' போட்டுவிட்டு, இது யாருடைய நிலம் என்று பெரியசாமியிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "பொறந்தது எங்காட்டுலீங்க. ஓடிப்போச்சுன்னு அவங்காட்டுக் கணக்குல எழுதிப்புடாதீங்க!"

இப்போது அவர் காட்டில் காக்கை தும்மினாலும் எனக்குப் போன் வந்துவிடுகிறது; அப்புறம் இந்த ஆள் எதற்கு என்று ஆபீசில் யோசிப்பதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிட வேண்டும்.