கூடத்துச் சுவரில் மூன்று பட்டைகள்

பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பும்போது வரும் காரமான வாடை எங்கே வீசினாலும் என் கண் சுவரைத் தேடுகிறது. கூடவே ஏலக்காய் மணமும் கலந்துவிட்டால் போதும், அன்று காலை எங்கள் கூடத்தில் நின்றபடியே நிற்கிறேன், ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

அறை அறையாய்க் கனவு கண்டு வைத்திருந்தேன். சமையலறைக்கு எலுமிச்சை மஞ்சள். மகளின் அறைக்கு, அவள் போனில் அனுப்பிய வெளிர் ஊதா. கூடத்துக்கு மட்டும் மனம் நிலைகொள்ளவில்லை. மலை வெளிச்சம் நேரே வந்து விழுகிற சுவர் அது. வெயிலில் ஒரு முகம், மேகம் இறங்கினால் வேறு முகம். பெயிண்டர் பொறுமை இழந்து, கலர் அட்டையை மூடிவிட்டுச் சுவரிலேயே மூன்று பட்டை இழுத்தார். இளம்பச்சை, இளநீலம், சாம்பல்.

ஏல மையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டேன். வியாபாரி ஒருவருக்காக ஏலத்தில் ஏலக்காய் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. மாதிரித் தட்டு கைக்கு வந்ததும் பச்சை எவ்வளவு, வெளுப்பு எவ்வளவு என்று பார்த்து விலை கேட்க வேண்டும். அந்தக் கண்தான் எங்கள் வீட்டுச் சோறு.

"ஏங்க, இதுல எது நல்லாருக்கு?"

"எல்லாம் ஒண்ணாத்தான இருக்கு. ஒரே கலர எதுக்குத் திரும்பத் திரும்ப அடிச்சு வச்சிருக்கான்?"

ஏணியிலிருந்து பெயிண்டர் சிரித்தார். "அக்கா, அண்ணன் தப்பிக்கப் பாக்குறாரு. ஏதாச்சும் ஒண்ணச் சொல்லிட்டா ஆயுசுக்கும் குத்திக்காட்டுவீங்கள்ல!"

நானும் சிரித்தேன். கணவர் சிரிக்கவில்லை. சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் விளையாடவில்லை. சில மாதங்களாகவே சாயங்காலம் ஒரு பிடி காயைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டி, "எப்படி இருக்கு, சொல்லு" என்பார். இது கிளிப்பச்சை, இது வெளுத்துப்போச்சு என்று நானும் சொல்வேன். இந்த வயதில் இப்படி ஒரு கொஞ்சலா என்று பூரித்துக் கிடந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது என் கண். பைக்கை எடுக்காமல், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அவர் கிளம்பிப் போனதெல்லாம் வரிசையாய் வந்து நின்றது.

"இருந்தாலும் அக்கா, காயில பச்சை பாத்தே வெல சொல்ற மனுசன் இங்கன தடுமாறுறாரே..."

"டேய், நீ உன் சோலியப் பாரு" என்றார் அவர். குரல் வெடுக்கென்று விழுந்தது. பிரஷ் நின்றது.

இந்த ஏணியிலிருந்து ஒரு சொல் இறங்கினால் போதும், பொழுது சாய்வதற்குள் கடைவீதி முழுக்க நடந்துவிடும். நான் குரலை உயர்த்தினேன். "விடுங்க தம்பி! இவரு சொல்லி நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்? நானே பாத்துச் சொல்றேன்."

பெயிண்டர் சிரித்துக்கொண்டு திரும்பினார். கணவர் அதற்குள் வாசல் கேட்டை எட்டியிருந்தார்; நான் ஓடி அவர் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப இருந்து?"

"மழை விட்டதுல இருந்து. பொக மூட்டமா இருக்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன?"

"எவனாச்சும் பாத்துட்டா? கண்ணு போன ஆளுகிட்ட எவன் காய் எடுக்கச் சொல்லுவான்?"

"வெளுத்த காயப் பச்சைன்னு எடுத்துட்டா மட்டும் மொதலாளி விட்டுருவாரா? இன்னைக்குத் தட்டத் தொடாதீங்க. காச்சல்னு சொல்லிட்டு வாங்க. மதுரைக்குப் போயி கண்ணக் காட்டுவோம், அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

பையை வெடுக்கென்று இழுத்தார். நான் விடவில்லை. உள்ளே பிரஷ் உரசும் சத்தம் மறுபடி கேட்டது. என் தோளுக்கு மேலாக அந்தச் சுவரை, பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நடுவுல இருக்கே, அது என்ன கலரு?"

"நீலம்."

கண்ணைச் சுருக்கி அந்தப் பட்டையையே பார்த்தார். பிறகு பை என் கைக்குள் தளர்ந்தது.

"அதையே அடிக்கச் சொல்லு. நான் போயி காச்சல்னு சொல்லிட்டு வர்றேன். நீ வெரசா கெளம்பி நில்லு."