நிதுஷா ஏன் ஊசி வேண்டாம் என்றாள்

1. காலையில் வந்த வழக்கு

ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் படிப்பித்துவிட்டு இப்போது ஓய்வுக்குக் கிட்ட நிற்கிறேன். புதிதாக வரும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ரீச்சர், சின்னப் பிள்ளையளுக்கு உடம்பைப் பற்றி, பிள்ளை பிறக்கிறதைப் பற்றி எப்பிடிப் படிப்பிக்கிறது? வெக்கமா இருக்கே." வெட்கம் உங்களுக்குத்தான் ஐயா, பிள்ளைகளுக்கு இல்லை. அவர்களுக்கு இருப்பதெல்லாம் அறியும் ஆசை.

அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு எனக்கு. ஒரு நாள் காலை, மணி அடிக்கும் முன்னமே நிதுஷாவின் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். தோட்டம் செய்யும் குடும்பம். நிதுஷாவின் காலில் துணிக்கட்டு, நொண்டிக்கொண்டு வந்தாள்.

"ரீச்சர், நீங்கள் படிப்பிச்ச படிப்பு எங்களை எங்கை கொண்டு வந்து விட்டிருக்கு பாருங்கோ! நேற்றுப் பின்னேரம் கோழிக்கூட்டுப் பலகையிலை இருந்த கறள் பிடிச்ச ஆணி இவளின்ரை காலிலை ஏறிப்போச்சு. ஏற்பு ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், நேர்ஸைக் கிட்ட வர விடுறாளில்லை. 'இது என்ரை உடம்பு, எனக்கு விருப்பமில்லாமல் ஒருத்தரும் தொடக்கூடாது, ரீச்சர்தான் சொன்னவ' எண்டு கத்திக் கத்திக் கட்டிலுக்குக் கீழை பூந்திட்டாள். அப்பா இழுத்தெடுக்கப் போனார். அவருக்குக் கையிலை கடி!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பாடத்தை இப்படி மனதில் வைத்திருக்கிற பிள்ளை எல்லா ஆசிரியருக்கும் கிடைக்காது. ஆனால் ஏற்பு, அதாவது ரெட்டனஸ், விளையாட்டுக் காரியமா? ஆளையே கொண்டு போகும் நோய். ஊசியை இனியும் பிந்த விட முடியாது.

2. அதிபரின் அரைவாசி

விசயம் அதிபரின் காதுக்குப் போய்விட்டது. அவர் நல்ல மனிதர், ஆனால் வம்பென்றால் பத்தடி தள்ளி நிற்பார். பள்ளித் தவணைத் தொடக்கத்தில் நான் அனுமதி கேட்டபோது, "தொடுகைப் பாடத்தைப் படிப்பியுங்கோ ரீச்சர். பிள்ளை எப்பிடி உண்டாகுது எண்டதை மட்டும் தொட்டுப் போடாதேங்கோ. பெற்றோர் வந்து என்ரை தலையை உருட்டுவினம்" என்று பாடத்தை அரைவாசியாக வெட்டித் தந்தவர் அவர். இப்போது அந்த அரைவாசிக்கும் ஆபத்து.

"இண்டையோடை உந்தப் பாடத்தை நிப்பாட்டுவம் ரீச்சர்."

"சேர், முதலிலை பிள்ளைக்கு ஊசி போடுவம். பிறகு நிப்பாட்டுறதைப் பற்றிக் கதைப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. அம்மா பக்கத்தில் நிற்க, மருந்துக்காக டொக்டரும் நேர்ஸும் தொடலாம் என்றும் அதே பாடத்தில் சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் பாடமாக்கி வைத்திருந்த நிதுஷா அதை மட்டும் ஏன் விட்டாள்?

3. சிவலைப் பசுவும் சித்தியும்

வாசிப்பு மூலையில் பாய் விரித்து அவளை இருத்தினேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தார்.

"ஊசி நோகுமெண்டு பயமோ?"

"இல்லை."

"பிறகேன் வேண்டாமாம்?"

'ஏன்' என்று கேட்டால் பிள்ளைகளுக்கு அது ஏச்சு விழுவது போலத்தான் கேட்கும். கேள்வியை மாற்றினேன். "ஊசி போட்டால் என்ன நடக்குமெண்டு நினைக்கிறாய்?"

அம்மாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு என் காதோடு சொன்னாள். "எனக்கு வயித்திலை பிள்ளை வந்திடும்."

சொன்னது அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. "ஐயோ கடவுளே! ஆரடி உனக்கு உந்தக் கதையைச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானே பார்த்தனான். மாட்டு டொக்டர் வந்து எங்கடை சிவலைக்கு ஊசி போட்டவர். பிறகு அது கண்டுக்குட்டி போட்டது. சித்திக்கும் கிளினிக்கிலை ஊசி போட்டவை. பிறகு தம்பி பிறந்தவன். நேற்று நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், 'பயப்பிடாதை, சித்திக்குப் போட்ட அதே ஊசிதான்' எண்டு!"

அம்மா வாயில் கையை வைத்தார். தைரியம் சொல்லத்தான் சொன்னார், பாவம். அந்த ஒரு வார்த்தைதான் பிள்ளையைக் கட்டிலுக்குக் கீழே துரத்தியிருக்கிறது. எனக்கோ நிதுஷாவின் மூளையை நினைக்கப் பெருமையாக இருந்தது. இரண்டிடத்தில் கண்டிருக்கிறாள், ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். சுற்றாடல் பாடத்தில் இதைத்தானே செய்யச் சொல்கிறோம்? அந்த முடிவோடு ஓர் இரவு முழுக்கத் தனியே பயந்து கிடந்திருக்கிறாளே என்றும் இருந்தது.

"சொல்லட்டோ?" என்று அம்மாவைக் கேட்டேன். நிலத்தைப் பார்த்தபடி, "ஓம், சொல்லுங்கோ" என்றார்.

"ஊசியாலை ஒருத்தருக்கும் பிள்ளை வராது. வளர்ந்த ஆம்பிளையின்ரை உடம்பிலை விந்து இருக்கு, வளர்ந்த பொம்பிளையின்ரை உடம்பிலை முட்டை இருக்கு. ரெண்டும் சேர்ந்தால்தான் கருப்பையிலை பிள்ளை வளரும். மாட்டு டொக்டர் கொண்டு வந்தது ஊசி மருந்தில்லை, ஒரு குழாயிலை நாம்பன் மாட்டின்ரை விந்து. சித்திக்கு ஊசி போடேக்கை தம்பி முதலே வயித்திலை இருந்தவன். ரெண்டு பேருக்கும் ஏற்பு வராமல் இருக்கத்தான் அந்த ஊசி."

"அப்ப நாம்பன் ஏன் தானே வரேல்லை?"

"நல்ல இனக் கண்டு வேணுமெண்டு அப்பா டொக்டரைக் கூப்பிட்டிருப்பார்."

"ஓ." எழும்பி, கட்டுப் போட்ட காலை மெல்ல ஊன்றினாள். "அப்ப போவம்."

ஓட்டோவில் நானும் போனேன். நேர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தார். நிதுஷா தானாகவே சட்டைக் கையைச் சுருட்டினாள். "அம்மா பக்கத்திலை நிக்கிறா. இப்ப நீங்கள் தொடலாம்" என்று அனுமதி கொடுத்தாள்.

4. மறுநாள்

மறுநாள் அதிபர் என்னைக் கூப்பிட்டபோது நிதுஷாவின் அம்மா முந்திக்கொண்டு அங்கே நின்றார்.

"சேர், பாடத்தை நிப்பாட்டப் போறியளாமே?"

"நீங்கள்தானே அம்மா முறைப்பாட்டோடை வந்தனீங்கள்?"

"வந்தனான்தான். நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தம், மாடு படிப்பிச்சுப் போட்டுது. மிச்சத்தையும் ரீச்சரே சொல்லட்டும்." பிறகு குரல் இறங்கியது. "எனக்கு உதுகள் தெரிய வந்தது கலியாணத்துக்குப் பிறகு, சேர். நான் பயந்த பயம் அவளுக்கு வேண்டாம்."

அதிபர் மேசையில் கிடந்த நேரசூசியை என் பக்கம் தள்ளி, "எந்தப் பாடவேளை வேணும், ரீச்சர்?" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். தங்களுக்குத் தெரிந்ததை வைத்து ஒரு விடை கட்டி, அதோடு தனியே படுத்துக் கிடப்பார்கள். படிப்பிக்கத் தொடங்கும் முன் அந்த விடையைக் கேளுங்கள்.